புரியாத கிளைம் முடிவுக் கடிதம்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்துக் காப்பீட்டு அலுவலகங்களிலிருந்து பாலிசிதாரர்களுக்குப் போகும் கிளைம் கடிதங்களைப் படித்துத் திருத்தித் தருவது என் வேலை. இழப்பீடு உண்டு, இல்லை, ஒரு பகுதிக்கு மட்டும் உண்டு, அல்லது விசாரணை இன்னும் முடியவில்லை என்று நிறுவனம் தன் நிலைப்பாட்டை எழுத்தில் சொல்லும் கடிதங்கள் இவை. பழுதான கடிதம் எப்படியும் திரும்பி வரும். பாலிசிதாரர் நேரில் வந்து கேட்பார், அல்லது அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் அனுப்புவார், அல்லது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வரும். திரும்பி வரும் விதத்தைப் பார்த்தே பழுது எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பதால், இந்த வழிமுறையை அறிகுறி வாரியாக அமைத்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் சரியாகும் காரணம் முதலிலும், செலவும் காலமும் பிடிக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும். மேலிருந்து கீழாகப் பார்த்து வர வேண்டும்.

தொடங்கும் முன் பாலிசி அட்டவணை (பாலிசிதாரர் பெயர், தொகை, காலம் உள்ள பக்கம்), முழுப் பாலிசி வாசகம், எண்டார்ஸ்மென்ட்டுகள் (பாலிசியை மாற்றும் இணைப்புத் தாள்கள்), கிளைம் படிவம், சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) அறிக்கை, அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகிய ஆறும் மேசையில் இருக்க வேண்டும். பாலிசி வாசகத்தைத் திறக்காமல் கடிதத்தின் மொழியை மட்டும் திருத்தினால், அதே பழுது இன்னும் நல்ல தமிழில் திரும்பி வரும்.

## அறிகுறி 1: கடிதம் கிடைத்த பிறகும் "பணம் வருமா, வராதா?" என்று கேட்கிறார்கள்

முடிவு கடைசிப் பத்தியில் இருந்தால்

இதுவே மிகவும் எளிய பழுது. பாலிசி எண், கிளைம் எண், தகவல் வந்த தேதி, சர்வேயர் நியமித்த தேதி, ஆய்வு நடந்த தேதி என்று ஒன்றரைப் பக்கம் ஓடிய பிறகு முடிவு வருகிறது. பள்ளத்தூரில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சி, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசியில் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வரிக்குள் முடிவு இல்லாவிட்டால் அவர் அதைச் சென்றடைவதே இல்லை. முடிவை முதல் பத்திக்கு ஏற்றுங்கள். தேதிகளை ஒரு சிறு பட்டியலாக இறுதியில் இணைத்தால் போதும்.

முடிவுச் சொல் மழுப்பலாக இருந்தால்

"தங்கள் கோரிக்கை தற்போதைய நிலையில் பரிசீலிக்கத்தக்கதாக இல்லை எனக் கருதப்படுகிறது" என்ற வாக்கியத்தில் கருதியவர் யார், இது இறுதியா, "தற்போதைய நிலை" மாறினால் முடிவும் மாறுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லை. இப்படி மாற்றுங்கள்: "தங்கள் வீட்டின் பின்கட்டு மேற்கூரைச் சேதத்துக்கான கிளைமை நாங்கள் ஏற்கவில்லை. இது எங்கள் நிறுவனத்தின் இறுதி முடிவு. காரணம் இரண்டாம் பத்தியில் உள்ளது." இது கடுமையாகத் தெரிகிறதே என்று அலுவலகத்தில் தயங்குவார்கள். பாலிசிதாரரை ஆறு மாதம் வீண் நம்பிக்கையில் காக்க வைப்பதுதான் கடுமை என்பது என் உறுதியான கருத்து.

ஒரே கடிதத்தில் பல முடிவுகள் கலந்திருந்தால்

வீட்டுக் கிளைம்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. வீடுகளுக்கான பாரத் கிருக ரக்ஷா பாலிசியில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தவருக்கு, கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொதுவான வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு தானாகவே கிடைக்கிறது. ஆனால் நகை, வெள்ளிச் சாமான், ஓவியம், பழம்பொருள் போன்றவற்றுக்கு அந்தத் தனிக் காப்பைக் கேட்டு எடுத்திருக்க வேண்டும். ஆகவே, ஒரே தீ விபத்தில் கூரைக்கு உண்டு, மர அலமாரிக்கு உண்டு, சாமி அறையில் இருந்த தஞ்சாவூர் ஓவியத்துக்கு இல்லை என்று மூன்று பொருளுக்கும் தனித்தனி முடிவு வரலாம். இவற்றை ஒரே பத்தியில் கலக்காமல், பொருள், முடிவு, காரணம் என்று மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணையில் வரிக்கு ஒன்றாக வைத்தால் கேள்வி நின்றுவிடும்.

முடிவே எடுக்கப்படவில்லை என்றால்

மேலே உள்ள எதுவும் பொருந்தாவிட்டால், கோப்பைப் பாருங்கள். அலுவலகமே முடிவெடுக்காமல், ஏதாவது அனுப்ப வேண்டுமே என்று அனுப்பிய கடிதமாக அது இருக்கும். அதை எவ்வளவு திருத்தினாலும் தெளிவு வராது. அதற்கு மாறாக, இடைக்காலக் கடிதம் என்று தலைப்பிட்டு, இன்னும் தெரியாதது என்ன, அதை யார் கண்டறிகிறார், எந்தத் தேதிக்குள் முடிவு வரும், எந்த விதி குறித்துச் சந்தேகம் உள்ளது என்ற நான்கையும் எழுதுங்கள். "நிறுவனத்தின் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற ஒற்றை வரியை மட்டும் சேர்த்துவிட்டு, எந்த உரிமை, எந்த விதி என்று சொல்லாமல் விடுவது பாலிசிதாரருக்கு எந்தச் செய்தியையும் தருவதில்லை. தேதி எழுதும்போது கவனம் வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 முதன்மைச் சுற்றறிக்கைகளின்படி, சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும்.

## அறிகுறி 2: "எந்த விதிப்படி மறுத்தீர்கள்?" என்று பதில் கடிதம் வருகிறது

விதி எண் மட்டும் இருந்தால்

"பாலிசி நிபந்தனை 3-இன்படி" என்று எழுதினால், 40 பக்கப் பாலிசியைத் தேடி எடுத்துப் படிக்கும் வேலை பாலிசிதாரர் தலையில் விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் அட்டவணைப் பக்கம் மட்டுமே பத்திரமாக இருக்கும். விதியின் வாசகத்தை அப்படியே, மேற்கோள் குறிக்குள், முழுமையாக எடுத்து எழுதுங்கள். நீளமான விதியாக இருந்தால் பொருந்தும் பகுதியை எடுக்கலாம். ஆனால் "எழுத்து மூலம் நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றிருந்தால் தவிர" போன்ற விலக்கை வெட்டிவிட்டு எடுப்பது பிழை. அதைத்தான் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவார். பாலிசி ஆங்கிலத்தில் இருந்தால் மூல வாசகத்தைத் தந்து, அடுத்த வரியில் தமிழில் பொருள் எழுதுங்கள்; இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

விதியைச் சொந்த வார்த்தையில் சுருக்கியிருந்தால்

"பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காப்பீடு இல்லை" என்று எழுதியிருப்பார்கள். பாலிசியில் அப்படி எந்த வாசகமும் இருக்காது. சுருக்கத்தை நீக்கிவிட்டு மூலத்தை வையுங்கள். மூலத்தை வைத்த பிறகு காரணமே நிற்கவில்லை என்று தெரிந்தால், கீழே உள்ள அடுத்த உட்தலைப்புக்குச் செல்லுங்கள்.

வேறொரு பாலிசியின் விதி கடிதத்தில் இருந்தால்

செட்டிநாட்டுக்கு இது முக்கியமான இடம் என்பதால் இதில் சற்று நிற்கிறேன். பழைய நிலையான தீ மற்றும் சிறப்பு அபாயங்கள் பாலிசியில், காப்பீடு செய்த கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், இழப்புக்கு முன்பே நிறுவனத்தின் ஒப்புதலை எண்டார்ஸ்மென்ட்டாகப் பெறாத வரை, அந்தச் சொத்துக்குக் காப்பு பொருந்தாது என்ற நிபந்தனை இருந்தது. கானாடுகாத்தான், கோட்டையூர், கண்டனூர் வீதிகளில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே இருந்து, கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் ஏராளம். ஆகவே, அந்த நிபந்தனையைச் சுட்டும் மாதிரிக் கடிதம் இந்த வட்டாரத்து அலுவலகக் கணினிகளில் வெகுகாலம் புழங்கியது. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்குப் பாரத் கிருக ரக்ஷாவும், 5 கோடி ரூபாய் வரையிலான சிறு தொழில்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாவும், அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷாவும் வந்துவிட்டன. அவற்றின் வாசகங்கள் புதியவை. மாதிரிக் கடிதம் மட்டும் பழையதாகவே இருந்துவிடுகிறது.

பார்க்க வேண்டியவை: அட்டவணையில் உள்ள பாலிசிப் பெயரும் தனி அடையாள எண்ணும், மேற்கோள் காட்டிய வாசகத்தின் மூலப் பாலிசியில் உள்ளவையும் ஒன்றுதானா? அந்த விதி இழப்பு நடந்த நாளில் நடப்பில் இருந்த பாலிசி ஆண்டுக்கு உரியதா? புதுப்பித்தபோது வாசகம் மாறியிருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கடிதத்தைத் திரும்பப் பெற்று, புதிதாக முடிவெடுத்து அனுப்புவதே முறை.

விதி சரி, ஆனால் எண்டார்ஸ்மென்ட் அதை மாற்றியிருந்தால்

வீடு பூட்டியிருக்கும் என்பதை முன்பே தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாள் கிளையில் ஒரு கோப்பிலும், கிளைம் கோப்பு மண்டல அலுவலகத்திலும் இருக்கும். கடிதம் கையெழுத்தாகும் முன் எண்டார்ஸ்மென்ட் பட்டியலைக் கிளையிலிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

வாசகமே இரு பொருள் தந்தால்

இங்கே எழுதுபவரின் வேலை முடிகிறது. பாலிசி வாசகத்தை நிறுவனமே எழுதியிருப்பதால், இரு பொருள் வந்தால் பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே நீதிமன்றங்கள் கொள்கின்றன. காப்பில் அடங்காதவற்றைச் சொல்லும் விலக்கு விதி பொருந்துகிறது என்று நிறுவும் பொறுப்பும் நிறுவனத்தையே சேர்கிறது. கடிதத்தை நிறுத்திவைத்து, வழக்கறிஞரிடம் எழுத்து மூலக் கருத்து வாங்குங்கள்.

## அறிகுறி 3: "விதி சரிதான், அது என் வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்?" என்கிறார்கள்

திரும்பி வரும் கடிதங்களில் பெரும்பகுதி இந்த வகைதான். விதி ஒரு பத்தியில் இருக்கும், நடந்தது இன்னொரு பத்தியில் இருக்கும், இரண்டையும் இணைக்கும் வாக்கியம் இருக்காது.

இணைப்பு வாக்கியம் விடுபட்டிருந்தால்

"படிப்படியான தேய்மானத்தால் ஏற்படும் இழப்பு காப்பில் அடங்காது" என்ற விதிக்கு அடுத்து "ஆகவே தங்கள் கிளைம் நிராகரிக்கப்படுகிறது" என்று வருகிறது. நடுவில் "ஏனெனில்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வேண்டும். அதில் ஓர் உண்மைச் செய்தியும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதும் இருக்க வேண்டும்: "ஏனெனில், வளவை (நடுமுற்றத்தை)ச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் வடக்குப் பக்கத்தில் மூன்று உத்தரங்களின் சுவரில் பதிந்த முனைகள் நெடுநாள் ஈரத்தால் உளுத்திருந்ததையும், அந்த இடத்தில் சுண்ணாம்புப் பூச்சில் பழைய நீர்க்கறைகள் அடுக்கடுக்காக இருந்ததையும் சர்வேயர் தம் அறிக்கையின் 4-ஆம் பக்கத்தில் படத்துடன் பதிவு செய்துள்ளார்." இந்த வாக்கியத்தை எழுத முடிந்தால் பழுது நீங்கிவிட்டது. எழுத முடியாவிட்டால் அடுத்த உட்தலைப்பைப் பாருங்கள்.

சர்வேயர் அறிக்கையில் செய்தி இல்லை, தீர்ப்பு மட்டும் இருந்தால்

"சேதம் தேய்மானத்தால் ஏற்பட்டது" என்று மட்டும் அறிக்கை சொன்னால், கடிதம் அதையே திருப்பிச் சொல்லத்தான் முடியும். சர்வேயரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த இடத்தில் எதைக் கண்டீர்கள், படம் உள்ளதா, புதிய முறிவு எது, பழைய சிதைவு எது? நூறாண்டைக் கடந்த செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் பிரிப்பு எளிதன்று. நாட்டு ஓட்டுக் கூரையில் ஒரே இரவின் சூறைக்காற்று ஓடுகளைக் கலைத்து மழைநீரை உள்ளே விட்டிருக்கும். அதற்குக் கீழே இருந்த உத்தரம் ஏற்கெனவே செல்லரித்துப் பலவீனமாக இருந்திருக்கும். இரண்டும் உண்மை. காற்று ஏற்படுத்திய பகுதி காப்பில் வருமானால், அந்தப் பகுதியைப் பிரித்து ஏற்று, மீதிக்கு மட்டும் காரணம் சொல்ல வேண்டும். வீடு பழையது என்ற ஒரே காரணத்துக்காக மொத்தத்தையும் மறுப்பது நியாயமும் ஆகாது, விசாரணையில் நிற்கவும் செய்யாது.

பார்க்க வேண்டியவை: இழப்பு நடந்ததாகச் சொல்லும் நாளுக்கான மழை, காற்றுப் பதிவை வானிலை ஆய்வு மையத்திடம் பெற்றோமா? 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜாவைப் போன்ற புயல் என்றால் கேள்வியே எழாது; ஐப்பசி, கார்த்திகையில் ஓரிரவு அடித்த உள்ளூர்க் காற்றுக்குத்தான் பதிவு அவசியம். அதே தெருவில் வேறு வீடுகளுக்கும் சேதமா? கடைசியாக ஓடு மாற்றியது எப்போது, அதற்கான கூலிச் சீட்டு உண்டா?

உண்மைச் செய்தியே விசாரிக்கப்படாமல் இருந்தால்

ஆளில்லாத வீடு என்ற காரணத்தையே எடுத்துக்கொள்வோம். விதி நடப்பில் உள்ள பாலிசியில் இருக்கிறது, எண்டார்ஸ்மென்ட் இல்லை. ஆனால் காவல்காரர் ஒருவர் முகப்பை ஒட்டிய அறையில் குடியிருந்து, தினமும் கதவு திறந்து, கூட்டி, மாலையில் விளக்கேற்றுகிறார் என்றால் அந்த வீடு ஆளில்லாத வீடா? மின் கட்டண அட்டை, காவல்காரரின் ஊதியப் பதிவு, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் ஆகியவற்றை வாங்காமல் இந்தக் கேள்விக்கு யாரும் விடை சொல்ல முடியாது. கடிதத்தில் "வீடு ஆளில்லாமல் இருந்ததாகத் தெரிகிறது" என்று இருந்தால், அந்தத் "தெரிகிறது" எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் எங்கிருந்தும் வந்திருக்காது.

எப்போது நிபுணரை அழைப்பது

சேதத்தின் காரணம் பற்றிச் சர்வேயரும் பாலிசிதாரரின் பொறியாளரும் நேரெதிராகச் சொன்னால், சுவர் சாய்வு, அடித்தளம் இறங்குதல் போன்றவை இருந்தால், பர்மா தேக்குத் தூணோ சுண்ணாம்புச் சுவரோ தாங்கும் கூரையின் உறுதி பற்றிக் கேள்வி எழுந்தால், மரபுக் கட்டட அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை தேவை. கான்கிரீட் வீடுகளை மட்டும் பார்த்துப் பழகியவர் சுண்ணாம்புக் கட்டுமானத்தின் இயல்பான விரிசலையும் சேத விரிசலையும் பிரித்தறியத் தடுமாறுவார். ஆனால் சர்வேயர் அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காகவே இரண்டாம் சர்வேயரை நியமிப்பது கூடாது; முதல் அறிக்கையில் எது குறை என்று எழுத்தில் பதிவான பிறகே அதைச் செய்யலாம். முதல் அறிக்கை வேதவாக்கு அல்ல என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது உண்மைதான். அதிலிருந்து விலகக் காரணம் வேண்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

## அறிகுறி 4: "10 லட்சம் கேட்டேன், 5 லட்சத்து 70 ஆயிரம் வந்திருக்கிறது, கணக்கு எங்கே?"

கணக்கு இணைக்கப்படாமல் இருந்தால்

"முழுமையான, இறுதித் தீர்வாக" என்ற சொற்களுடன் ஒரு தொகை மட்டும் போயிருக்கும். சர்வேயரின் கணக்கைக் கடிதத்தில் வரிவரியாக வையுங்கள். எடுத்துக்காட்டாக, புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் கிட்டங்கியில் மழைவெள்ளம் புகுந்து நெல் நனைந்தது என்று கொள்வோம். மொத்த இழப்பு 10,40,000 ரூபாய். நனைந்த நெல்லைத் தீவனத்துக்கு விற்றதில் வந்தது 40,000. நிகர இழப்பு 10,00,000. காப்புத் தொகை 60 லட்சம், இழப்பு நாளில் சரக்கின் உண்மை மதிப்பு 1 கோடி. ஆகவே நூற்றுக்கு 60 என்ற விகிதத்தில் 6,00,000. பாலிசிதாரர் தாங்க வேண்டிய பங்கு 5 சதவீதம் என்றால் 30,000. தர வேண்டியது 5,70,000. ஐந்து வரிதான். இந்த ஐந்து வரி இல்லாததால் ஓராண்டு இழுத்த தகராறுகள் உண்டு.

குறைகாப்பீட்டுக் கழிவு தவறாகப் போடப்பட்டிருந்தால்

அடுத்து, காப்புத் தொகை உண்மை மதிப்பைவிடக் குறைவு என்பதற்காகப் போட்ட அந்த விகிதக் கழிவைப் போடலாமா என்று பாருங்கள். பாரத் கிருக ரக்ஷாவில் குறைகாப்பீட்டுக் கழிவே கிடையாது. சூக்ஷ்ம, லகு பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறைவு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. மேற்சொன்ன ஆலை 90 லட்சத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால் குறைவு 10 சதவீதம்தான். ஒரு ரூபாயும் வெட்டக் கூடாது. பழைய கணக்குத் தாளில் பழகிய கை இங்கேதான் தவறுகிறது.

மதிப்பீட்டு அடிப்படை சொல்லப்படாமல் இருந்தால்

கட்டுமானச் செலவா, சந்தை மதிப்பா, ஒப்புக்கொண்ட மதிப்பா என்று கடிதம் சொல்ல வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பொதுக் கட்டுமான விலையில் காப்புத் தொகை நிர்ணயித்த வீட்டில், தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல் தரையையும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சையும் பழையபடி மீட்க அந்தத் தொகை போதாது. வேறு கழிவு எதுவும் இல்லாமல் காப்புத் தொகை எல்லையால் மட்டும் தொகை குறைந்தது என்றால், அதை ஒளிக்காமல் அப்படியே எழுதுங்கள். நிறுவனம் ஏதோ பிடித்தம் செய்துவிட்டது என்ற சந்தேகம் நீங்குவதோடு, அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது தொகையை உயர்த்த வேண்டும் என்பதும் பாலிசிதாரருக்குத் தெரியவரும்.

நிபுணர் தேவைப்படும் இடம்

கைவேலைப்பாடுள்ள மரக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலியச் சலவைக்கல் ஆகியவற்றின் மதிப்பில் தகராறு வந்தால் பழம்பொருள் மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். பொறுப்பை ஏற்றுத் தொகையில் மட்டும் வேறுபாடு என்றால், பாலிசியில் நடுவர் விதி இருக்கிறதா என்று பார்த்து வழக்கறிஞரைக் கேளுங்கள்.

## அறிகுறி 5: ஆவணம் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போகிறது, கிளைம் நகரவில்லை

முதல் காரணம், ஒரே பட்டியலாகக் கேட்காதது. இரண்டாவது, கிடைக்கவே கிடைக்காததைக் கேட்பது: கொள்ளுப்பாட்டனார் காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்குக்கு ரசீது கேட்டால் யார் தருவார்? ஒவ்வோர் ஆவணத்துக்கும் எதிரே "எதற்காக" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்; எழுத வராத ஆவணத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று ஆணையத்தின் 2024 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

செலவு பிடிக்கும் காரணம் ஒன்று உண்டு. வளவு வீட்டில் பல புள்ளிகளுக்குப் (தனிக் குடும்பங்களுக்குப்) பங்கு இருக்கும்; பாலிசி ஒருவர் பெயரில் இருக்கும்; மற்றப் பங்காளிகள் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருப்பார்கள். "உரிமைச் சான்று தருக" என்று மொட்டையாக எழுதாமல், பாலிசி பாலிசிதாரரின் பங்குக்கு மட்டுமா, எல்லாப் பங்காளிகள் சார்பிலுமா என்பதைப் பாலிசி எடுக்கும்போது தந்த முன்மொழிவுப் படிவத்தில் பார்த்து, அதற்கேற்ற ஒப்புதல் கடித மாதிரியை இணைத்து அனுப்புங்கள். பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடந்தால், தொகையை யாருக்குத் தருவது என்று எழுதும் முன் வழக்கறிஞரைக் கேட்டே ஆக வேண்டும்.

## அறிகுறி 6: முதல் கடிதத்தில் இல்லாத காரணம் இரண்டாம் கடிதத்தில் வருகிறது

பாலிசிதாரர் முதல் காரணத்தைத் தகர்த்துவிட்டார் என்றதும் "தகவல் தாமதமாகத் தந்தீர்கள்" என்று இன்னொன்றை எடுப்பார்கள். இது செல்லாது. 2016-இல் கலாடா பவர் வழக்கிலும், 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும், நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கடிதம் போகும் முன்பே, கோப்பில் உள்ள எல்லா உண்மையான காரணங்களும் அதில் உள்ளனவா என்று பாருங்கள்.

அதே நேரத்தில், தீர்ப்புக்குப் பயந்து பத்துக் காரணங்களை அடுக்கும் பழக்கத்தையும் பார்க்கிறேன். பலவீனமான காரணம் வலுவான காரணத்தையும் சந்தேகத்துக்குள்ளாக்கும். இரண்டை மட்டும் குறிப்பாகச் சோதியுங்கள்.

தாமதம் மட்டுமே காரணமாக இருந்தால்: உண்மையான கிளைமைத் தாமதம் ஒன்றையே காட்டி மறுக்கக் கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது, 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வாகனத் திருட்டில் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னது மட்டும் மறுக்கக் காரணமாகாது என்பது 2020-இன் குர்ஷிந்தர் சிங் தீர்ப்பு.

ஓட்டுநர் உரிமம் காரணமாக இருந்தால்: தேவகோட்டைச் சந்தைக்குச் சரக்கு ஏற்றும் சிறு வண்டியை, இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டினார் என்று மறுக்கும் மாதிரிக் கடிதம் இன்னும் எங்காவது இருந்தால் அழித்துவிடுங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைவான போக்குவரத்து வாகனத்தை அந்த உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது.

## அறிகுறி 7: பதில் கடிதம் கோபத்தோடு வருகிறது

பெரும்பாலும் "மறைத்துவிட்டீர்கள்", "தவறான தகவல் தந்து" போன்ற ஒரு தொடர்தான் காரணம். விடுபட்ட தகவல் எது, படிவத்தின் எந்தக் கேள்விக்கு என்ன விடை தரப்பட்டது, கிடைத்த ஆவணம் என்ன சொல்கிறது என்று மூன்று செய்திகளை மட்டும் வைத்தால் குற்றச்சாட்டுத் தொனி தானாகப் போய்விடும்.

அதன் பிறகு காலக்கணக்கைப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் முன்பிருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிறுவப்பட்டால் ஒழிய, தகவல் மறைப்பைக் காட்டி மறுக்க முடியாது. பாலிசியை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவருக்குப் பழைய மாதங்களும் சேரும். அதை எண்ணாமல் விட்ட கடிதங்கள் பல. மறுப்பதற்குக் கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆயுள் காப்பீட்டில் 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது. மூன்றாண்டுக்குள் என்றாலும், முடிவுக்கு அடிப்படையான காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் தெரிவிப்பது சட்டக் கடமை.

"மோசடி" என்ற சொல் கடிதத்தில் இருந்தால், அதை வழக்கறிஞர் பார்க்காமல் அனுப்பக் கூடாது. காரைக்குடி போன்ற, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்துக்குச் செய்யும் சேதத்தை எந்த இழப்பீடும் ஈடுசெய்யாது.

## அறிகுறி 8: "இனி நான் எங்கே போவது?" என்று உங்களையே கேட்கிறார்கள்

கடைசிப் பத்தி விடுபட்டிருக்கிறது, அல்லது "தேவைப்பட்டால் உரிய அமைப்பை அணுகலாம்" என்று முடிந்திருக்கிறது. அமைப்புகளை வரிசையாக எழுதுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர், அவருடைய முகவரியோடு. ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம், அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடரலாம். இவற்றை எழுதினால் வழக்கு கூடிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். போக வேண்டியவர் எப்படியும் வழி கேட்டுப் போவார். வழி தெரியாமல் காலக்கெடுவை இழப்பவர் பெரும்பாலும் நியாயம் உள்ள எளிய மனிதர்தான்.

சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்; அது பாலிசிதாரரின் உரிமை. முடிவுக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பினால் அறிகுறி 3-இல் பாதி எழாது.

ஏற்கெனவே நோட்டீஸ் வந்துவிட்டால், அது வழக்கறிஞரிடமிருந்தானாலும் நுகர்வோர் ஆணையத்திடமிருந்தானாலும், மேலே சொன்ன எந்தத் திருத்தத்தையும் செய்து புதுக் கடிதம் அனுப்பாதீர்கள். முதல் கடிதத்தை அப்படியே வைத்து, கோப்பு முழுவதையும் அன்றே நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள். முடிவு தவறு என்று இந்தச் சோதனைகளில் தெரியவந்திருந்தால், அதையும் அவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் பதிலுரை தாக்கல் செய்யும் முன் கிளைமை ஏற்றுத் தொகையைச் செலுத்த வழி இருக்கிறது. அந்தப் பரிந்துரையைக் கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டு மேலனுப்ப வேண்டியவர் கிளைம் அலுவலர்.